மூன்றாவது கியரில் பாலம் ஏறிய வண்டி

இன்று காலை ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை நெம்பித் திறந்ததும் இறால் ஓட்டின் வாசனை மூக்கில் ஏறியது. எஞ்சின் பக்கம் அந்த வாசனை வர ஒரு காரணமும் இல்லை. கூடைகள் ஏறுவதெல்லாம் பின்பக்கம். சீட் உறைகளைக் கழற்றித் துவைத்து, நாலு கதவையும் வெயிலில் திறந்து போட்டு எத்தனையோ முறை காயவைத்துவிட்டேன். இருந்தும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏரி இருக்கிறது. ஃபில்டரை எடுத்து மூக்கருகே பிடித்தேன். நீ பக்கத்தில் இருந்தால், "இன்னாடி ஃபில்டர மோந்துகினு கீற, தட்டி மாட்டுடி" என்றிருப்பாய். தட்டி மாட்டினேன்.

பிறகு கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகு நான் எழுதிய மனுக்களாலும் எதுவும் மாறவில்லை. அவற்றைவிட இது பரவாயில்லை. இதை 'மாண்புமிகு' என்று தொடங்க வேண்டியதில்லை, 'தாழ்மையுடன்' என்று முடிக்க வேண்டியதில்லை.

நாம் இந்த வண்டியை ஆசைக்கு வாங்கவில்லை. ஊரில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள், காலனிப் பெண்களுக்குக் கார் கேட்கிறதாம் என்று. பழவேற்காட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் கிடக்கிறது நம் இருளர் காலனி. வலை போடுகிற குப்பத்துக்காரர்களுக்கு ஏரியில் பாடு உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற நமக்குப் பாடும் இல்லை, முறையும் இல்லை. அவர்கள் விட்ட ஓரம் நமக்கு. பிடித்ததைப் பொன்னேரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஷேர் ஆட்டோ நிற்காது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு நின்றால் நிற்கும். "உங்க கூடை நாறுது" என்று ஒருவன் நம் முகத்துக்கு நேராகவே சொன்னான். ஒரே ஏரி, ஒரே இறால், ஒரே நாற்றம். நாறியது கூடை இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

இறாலுக்காக மட்டும் என்றால் பழைய லோடு ஆட்டோ ஒன்று போதும் என்றுதான் நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. உன் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் பாலத்தோடு நின்றுவிட்டது. மணலில் இறங்கினால் சிக்கிக்கொள்ளும் என்றார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு பாலம் வரை ஓடினோம். பாலத்தை எட்டியபோது தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு நீ ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். "மணல்லயும் ஏறணும், ஆளையும் படுக்க வெக்கணும். வெரசாவும் போணும். அந்த மாரி வண்டி வேணும்."

அந்த மாதிரி வண்டி புதிதாக நமக்கு எங்கே கிடைக்கும்? ஐந்து வீட்டுப் பெண்களின் சீட்டுப் பணத்தைச் சேர்த்து, பொன்னேரியில் ஒரு கான்ட்ராக்டர் ஓட்டித் தேய்த்த சின்ன எஸ்யூவியை வாங்கினோம். டீசல் வண்டி. உயரம் இருந்தது, பின்சீட்டை மடித்தால் ஆள் படுக்க நீளமும் இருந்தது. வேகம்தான் இல்லை.

வாங்கிக்கொண்டு வந்த முதல் நாளே பாலத்தில் மானம் போனது நினைவிருக்கிறதா? ஐந்து பெண்கள், நாலு கூடை. பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போய், முதல் கியருக்கு இறங்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

"டேய், எறா எக்ஸ்பிரஸ் வந்துகினு கீதுடா! வழி உடு!"

"யக்கா, கயிறு கட்டி இழுக்கட்டா?"

நீ ஜன்னலில் தலையை நீட்டி, "எறங்கி வந்து தள்ளு நைனா, ஒரு கை எறா தர்றேன், உங்க அம்மா கொழம்பு வைக்கட்டும்" என்றாய். இரண்டு பேர் நிஜமாகவே வந்து தள்ளினார்கள். உச்சியை அடைந்ததும் நீ என்னைப் பார்த்துச் சொன்னாய், "இதே லோடோட இந்தப் பாலத்த மூணாவது கியர்ல ஏறணும். ஏறலன்னா இந்த வண்டி நமக்கு எதுக்கு?" அதன் பிறகு அதுதான் நம் அளவுகோல். குதிரைத்திறன், முறுக்குவிசை என்று நான் பாலிடெக்னிக்கில் படித்தது எதுவும் உனக்கு வேண்டியிருக்கவில்லை. பாலம், மூன்றாவது கியர், அவ்வளவுதான்.

பொன்னேரி மெக்கானிக் பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டுவிட்டு, "டர்போ காலிம்மா. எஞ்சின் வேலை கீது. நீங்க இன்னாத்துக்கு இந்த பேஜார்லாம்? காயலாங்கடைல போட்டுட்டு எதுனா தையல் மெஷின் வாங்குங்க" என்றான். நீ, "தையல் மெஷின்ல ஆஸ்பத்திரிக்குப் போவ முடியுமாண்ணா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாய். மெக்கானிக்கல் டிப்ளமா வைத்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அந்த டிப்ளமாவோடு நான் செய்தது அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஒப்பந்த வேலை. சொல்லி என்ன ஆகும்?

குறுக்கு வழியைத்தான் முதலில் பிடித்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வரும் என்று ஃபோனில் விளம்பரம் பார்த்து ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தாய். செருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது. நாள் முழுக்க நீ, "இழுவை தெரிதுடி, தெரிலியா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாய். பாலம் வந்தது. அதே இரண்டாவது கியர், அதே முனகல். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு பல்பும் அது மினுக்குவதற்கான ஒரு சில்லும் தவிர வேறு எதுவும் இல்லை. எஞ்சினோடு பேசுகிற ஒரு கம்பிகூட இல்லை. நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவர்மென்ட்டு திட்டம் மாரியே கீதுடி. லைட்டு மட்டும் எரிது" என்றாய். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

அதற்குப் பிறகுதான் கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கினோம். ரீமேப் என்று எஞ்சினின் கணக்கையே கம்ப்யூட்டரில் மாற்றி எழுதித் தருகிறார்களாம் மெட்ராஸில். அதற்கு நம்மிடம் வழியில்லை. நான் சொன்னேன், இந்த வண்டிக்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த சக்தி எங்கெங்கே தொலைந்துபோனது என்று மட்டும் தேடலாம் என்று. தேடத் தேட, தொலைத்தவர்களில் நாமும் உண்டு என்று தெரிந்தது.

முதல் களவாணி சக்கரம். காலனிக்கு வரும் மணல் தடத்தில் சிக்காமல் இருக்க டயர் காற்றை இறக்கிவிடுவோம். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தட்டையான டயரோடு பொன்னேரி வரை போய்வந்து, வண்டி இழுக்கவில்லை என்று வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கால் பம்பு வாங்கி பாலத்து முனையில் நிறுத்தி அடைக்கத் தொடங்கினோம். உன் அம்மா மிதிப்பார், நம்மோடு சீட்டுப் பணம் போட்ட வள்ளியக்கா எண்ணுவாள். அதன் பிறகு அந்தப் பையன்களுக்குத் தினமும் வேடிக்கை.

அடுத்தது நம் ஊரைத் தவிர வேறெங்கும் நடக்காத கூத்து. நம் சனம் எது பழுதானாலும் வலைத் துண்டால்தான் சரிசெய்யும். கோழிக்கூண்டு வலை, ஜன்னல் வலை, பிள்ளைக்குத் தொட்டில் வலை. வண்டியின் முன்பக்க ஓட்டைகள் வழியாக மணலும் பூச்சியும் போகிறதே என்று உன் அம்மா பொடி இறால் வலையை இரண்டாக மடித்து உள்பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார். நாமும் பார்த்து, நல்ல யோசனை என்று பாராட்டினோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. பம்பரைக் கழற்றியபோது அந்த வலை வலையாக இல்லை. உப்பும் புழுதியும் பூச்சியும் ஏறி, பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. அதற்கு நேர் பின்னால்தான் டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இருக்கிறது. அது மூச்சு முட்டிக் கிடந்தது. காற்று குளிராவிட்டால் எஞ்சினுக்குள் போதுமான காற்று போகாது. டீசல் பாதி எரிந்து புகையாக வரும்.

நீ வலையைத் தட்டிக் காட்டி, "அம்மா, வண்டிக்கு மூக்க கட்டிவுட்டு ஓடு ஓடுன்னா எப்டிம்மா ஓடும்?" என்றாய்.

"நான் கட்டனது பூச்சிக்கு. நீங்க ரெண்டு படிச்ச மகராணிங்க, தெனம் மூடிய தொறந்து பாத்துகினுதான இருந்தீங்க? அப்ப கண்ணு எங்க போச்சு?" என்றார் உன் அம்மா.

வலையைப் பிய்த்தெறிந்து, இன்டர்கூலரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். வண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் பாலத்தில் முக்கால் தூரம்தான். மிச்சத்தை உன் கை கண்டுபிடித்தது. டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயில் எங்கோ கசிவு இருக்க வேண்டும் என்று எனக்கு சந்தேகம். டார்ச் அடித்து, கண்ணாடியை நீட்டி, எல்லாம் பார்த்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டு, ஆறிப்போன எஞ்சினுக்குள் தோள் வரை கையை விட்டாய். முகத்தை வேறு பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு, ஏரியில் சேற்றைத் தடவுகிற மாதிரியே தடவினாய். "தோ கீது" என்றாய். குழாயின் அடிப்பக்கத்தில், வெளியிலிருந்து பார்க்கவே முடியாத இடத்தில், நகம் நுழைகிற வெடிப்பு. முதலில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினோம். இரண்டு நாள் தாங்கியது. பிறகு மெட்ராஸில் பழைய சாமான் கடை ஒன்றில் போய்த் தேடி, அதே குழாயை நல்ல நிலையில் வாங்கினோம். கடைக்காரர், "ஓனர் வரலியாம்மா?" என்று கேட்டார். "நாங்கதான் ஓனரு" என்றாய். அவர் நம் செருப்பைப் பார்த்தார், பிறகு நம் முகத்தைப் பார்த்தார், பிறகு இளக்காரமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்புகிற ஈஜிஆர் வால்வைக் கழற்றி, தார் மாதிரி அப்பியிருந்த கரியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டினோம். உன் கை கருத்ததைப் பார்த்து வள்ளியக்கா, "இந்தக் கையோட ஏரில எறங்காதடி, எறா பயந்துகினு ஆந்திராவுக்கு ஓடிடும்" என்றாள். முன்சக்கரம் ஒன்று ஓடி வந்தபின் தொட முடியாமல் சுட்டது. உப்பு பிடித்து பிரேக் ஊசி இறுகி, பிரேக் விடவே இல்லை. அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து கிரீஸ் வைத்தோம். கான்ட்ராக்டர் அழகுக்கு மாட்டியிருந்த இரும்புத் தடுப்பையும் மேல் கேரியரையும் கழற்றி எடைக்குப் போட்டதில் புது டீசல் ஃபில்டர் வந்தது. படகுக்கு வைத்திருக்கும் கேன் டீசலை வாங்கி ஊற்றுவதை நிறுத்தினோம். அதில் பாதி தண்ணீர் என்று பழைய ஃபில்டரைத் திறந்தபோதுதான் புரிந்தது.

பாலம் ஏறிய அந்த நாளை நான் விவரித்து எழுத மாட்டேன். எழுதினால் அழுவேன், அழுதால் எழுத முடியாது. ஐந்து பெண்கள், நாலு கூடை, மூன்றாவது கியர். உச்சிக்கு வந்தபோது இன்னும் மிதிக்க இடம் மிச்சமிருந்தது. நீ ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. தூண்டில் பையன் ஒருவன் எழுந்து நின்று சல்யூட் வைத்தான். கீழே இறங்கும்போது நீ சொன்னாய், "புச்சா ஒண்ணும் வெக்கலடி நம்ம. மறிச்சிகினு இருந்தத எடுத்தோம், அவ்ளோதான். அதுக்கே இப்டி ஓடுது." நீ வண்டியைப் பற்றி மட்டும்தான் சொன்னாயா என்று நான் அப்போது கேட்கவில்லை.

அதன் பிறகு இறாலை விட ஆட்களைத்தான் அதிகம் ஏற்றினோம். காய்ச்சல், வலிப்பு, பிரசவம். ஒரு நாள் குப்பத்திலிருந்தே ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். நம் கூடை பக்கத்தில் வந்தால் சேலையை இழுத்துக்கொள்கிறவள். எந்த சீட்டில் உட்காருவது என்று தயங்கினாள். நீ முன்கதவைத் திறந்து, "முன்னாடியே குந்துங்க, வாசன கம்மியா வரும்" என்றாய். அவளுக்குக் குத்தியதா தெரியாது. எனக்கு இனித்தது.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

அன்று காலை வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம். கரை ஓரம் சீமைக்கருவேலம் புதருக்கடியில் வைத்திருந்த கூடையை எடுக்கக் குனிந்தாய். "ஐய" என்றாய், அவ்வளவுதான், முள் குத்தியவள் மாதிரி. நாகம் போவதை வள்ளியக்கா பார்த்தாள். உன் அம்மா கயிறு தேடினார். கட்டக் கூடாது என்று நான் கத்தினேன். உன்னைப் பின்சீட்டில் கிடத்தினோம். நீ, "காத்தடிச்சிட்டு போடி, டயர்ல காத்து கம்மி" என்று என்னை அதட்டினாய். நான் காற்றடிக்க நிற்கவில்லை. வண்டி மூன்றாவது கியரில் பாலம் ஏறியது. பொன்னேரி ரோட்டில் அந்த வண்டி போன மாதிரி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. எல்லாம் வேலை செய்தது. நாம் தொட்ட ஒவ்வொன்றும் வேலை செய்தது.

முதலில் சேர்த்த பொன்னேரி ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருந்தது, போட்டார்கள். ஒரு பணியாள் உன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே, "இருளருங்களையெல்லாம் பாம்பு கடிக்காதுன்னு சொல்வாங்களே?" என்றான், ஏதோ பொது அறிவு கேள்வி மாதிரி. உனக்கு அப்போதே இமை கனத்துவிட்டது, நாக்கு குழறியது. "அத யாருண்ணா... பாம்புகிட்ட சொல்றது?" என்றாய். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். விஷம் மூச்சுத் தசைக்கு ஏறுகிறது, செயற்கை மூச்சுக் கருவி வேண்டும், இங்கே இருப்பது பழுது, மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸோடு போயிருந்தது. "உங்ககிட்ட வண்டி இருக்குல்ல? அது வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா" என்றார். ஆமாம், நம்மிடம் வண்டி இருந்தது. நல்ல வண்டி.

பொன்னேரி தாண்டிக் கொஞ்ச தூரம்தான் ஓடியது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. நம் பக்கம் முழுக்க நின்றன. எதிர்ப் பக்கம் திரும்பி வருகிற காலி டிரெய்லர்கள் முட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தில் பள்ளம். ஹாரனை அழுத்தினேன். முன்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்து பின்சீட்டைப் பார்த்தான். வடநாட்டுப் பையன், முந்தின நாளிலிருந்து அந்த வரிசையில் நிற்கிறானாம். கையால் தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து ஒதுங்கப் பார்த்தான். ஒரு முழம் ஒதுங்கினான். அதற்குமேல் அவனுக்கும் இடமில்லை. முக்கில் நின்ற போலீஸ்காரர், "ஆம்புலன்ஸா?" என்று கேட்டார். பாம்புக்கடி என்றேன். "கேஸ்னா ஆம்புலன்ஸ்ல வரணும்மா. இந்த வண்டிக்கு நான் எப்பிடி வழி எடுத்துத் தர்றது?" அவர் கெட்டவர் இல்லை. அவரும் விசிலை ஊதினார். யாருக்கு ஊதுவது என்று அவருக்கே தெரியவில்லை.

வள்ளியக்கா இறங்கினாள். நம்மோடு சீட்டு போட்ட மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். ஏரியில் இறால் பிடிக்கும்போது நாம் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாக நகர்வோமே, நடுவில் ஒரு இறால்கூட நழுவாமல். அப்படியே ரோட்டில் வரிசை கட்டி வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். பைக்குகளைத் தள்ளினார்கள். ஆட்டோக்காரனைக் காலரைப் பிடித்து ஒதுக்கினார்கள். "உள்ள உசுரு கீதுடா, நவுறுடா!" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் திறந்த இடத்தில் நான் முதல் கியரில் ஊர்ந்தேன். ஊர்ந்து, நின்று, ஊர்ந்து, நின்று. பிறகு நின்றது நின்றதுதான். டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் பெண்கள் தோள் நுழையலாம், வண்டி நுழையாது.

நீ அப்போது ஏதோ சொன்னாய். உன் அம்மாவின் மடியில் தலை. நான் திரும்பிக் குனிந்தேன். வார்த்தை வார்த்தையாக வரவில்லை, காற்றாக வந்தது. "ஐடிலிங்... நல்லா கீதுடி."

நன்றாகத்தான் இருந்தது. நடுக்கம் இல்லை, புகை இல்லை. நாம் இரண்டு பேரும் எத்தனை நாள் காது வைத்துக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தோம். சீரான, தடித்த சத்தம். அந்தச் சத்தத்துக்குள்தான் உன் மூச்சு நின்றது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. உன் இமைகள் முன்பே மூடியிருந்தன. கண்ணாடியில் பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருந்தாய். உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. உன் தலையைத் தடவிக்கொண்டே, "தூங்குறா, தூங்கட்டும், நீ ரோட்ட பாரு" என்றார். நான் ரோட்டைப் பார்த்தேன். வரிசை நகர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பிறகுதான் பின்சீட்டில் எந்தச் சத்தமும் இல்லை என்று கேட்டது.

மனு கொடுத்தோம். பாலம் தாண்டி ரோடு, காலனி வரை வரும் ஆம்புலன்ஸ், டிரெய்லருக்குத் தனி வழி. எல்லாம் கேட்டோம். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. பரிசீலனை என்ற சொல்லை நான் இப்போது வசவாகப் பயன்படுத்துகிறேன். வண்டிக்கு வயதாகிவிட்டதால் இனி அதிக வரி கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் பரிசீலனை இல்லாமல் உடனே வந்துவிட்டது. டிரெய்லர்கள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன.

பொன்னேரி மெக்கானிக் ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது வண்டி நன்றாக இழுக்கிறதாம், நல்ல விலை வருமாம். நான் எதுவும் சொல்லும் முன் உன் அம்மா எழுந்து வந்தார். "தம்பி, அன்னிக்கி இன்னா சொன்ன? காயலாங்கடைக்குப் போடச் சொன்னல்ல? போ, போய் உன் கடைய அங்க போடு" என்றார். உன் வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது.

இரவில் நான் தூங்குவது குறைவு. வண்டி இன்னும் வேகமாகப் போயிருந்தால் என்ற யோசனை வரும். போயிருந்தால் அந்த வரிசைக்கு இன்னும் சீக்கிரம் போய் நின்றிருப்பேன். கணக்கு அவ்வளவுதான். நம் கைக்கு எட்டியது அந்த நாலு சக்கரத்துக்கு நடுவில் இருந்தது மட்டும். அதை முழுதாகச் சரிசெய்தோம். மிச்சத்தைச் சரிசெய்ய வேண்டியவர்கள் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரையும் வலைத் தொட்டிலில் போட்டதில்லை, கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

ஆனாலும் யாராவது வாசலில் வந்து நின்றால் சாவியை எடுக்கிறேன். போன வாரம் வள்ளியக்காவின் மகளுக்கு நிறைமாதம், தலைசுற்றல். அதே ரோடு. அதே வரிசை. முன்னால் டிரெய்லரின் பின்விளக்கு சிவந்ததும் நான் எஞ்சினை அணைத்தேன்.

"ஏன்க்கா ஆஃப் பண்ற? டீசல் மிச்சமா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமாம்" என்றேன்.

டீசலுக்காக இல்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன். பின்சீட்டில் ஆள் படுத்திருந்தால் எஞ்சினை அணைத்து, ஜன்னலை ஏற்றி, என் மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அவள் மூச்சு வந்தது. உள்ளே, வெளியே, உள்ளே. கேட்டுக்கொண்டே இருந்தேன். வரிசை நகர்ந்தது, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.